தரையில் விரித்த தெருக்கள்: கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸும் மக்கள் எழுதிய நகர வரலாறும்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், பைட்டன்காந்த் தெருவிலுள்ள பழைய மெதடிஸ்டு தேவாலயத்தின் தரையில் பெரியதொரு தெரு வரைபடம் கிடக்கிறது. கையால் வரைந்து, மேலே பிளாஸ்டிக் உறையிட்டது. அந்தத் தெருக்களில் ஒரு காலத்தில் வாழ்ந்தவர்கள் அதன்மேல் நடந்து, தங்கள் தெருவைத் தேடிப் பிடித்து, வீடு நின்ற இடத்தில் குடும்பப் பெயரை எழுதியிருக்கிறார்கள். 1994 டிசம்பர் 10 அன்று இங்கே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, பெருமை பேச அதனிடம் அரும்பொருள் சேகரிப்பு எதுவும் கிடையாது. இருந்தவை முகவரிகள்தாம். முகவரியை ஆதாரமாகக் கொண்ட இந்த வரலாற்று முறை எப்படி உருவாயிற்று, அது எதுவரை செல்லும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1867இல் நகராட்சியின் ஆறாவது வட்டமாக வகுக்கப்பட்ட பகுதி. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர், துறைமுகக் கூலிகள், தையற்காரர்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள், முஸ்லிம்கள், இந்தியக் கடைக்காரர்கள், ஆப்பிரிக்கர்கள் என எல்லாரும் நெருக்கியடித்து வாழ்ந்தனர். பெரும்பாலானவை வாடகை வீடுகள். வீட்டுக்காரர்கள் பழுது பார்க்கவில்லை, நகராட்சியும் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சீரழிவையே காரணம் காட்டித்தான் பின்னாளில் நிறவெறி அரசு இப்பகுதியைச் சேரி என்றது. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டப்படி 1966 பிப்ரவரி 11 அன்று இது வெள்ளையருக்கான பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1968இல் வெளியேற்றம் தொடங்கியது. 1980களின் தொடக்கத்துக்குள் 60,000க்கும் மேற்பட்டோர் நகருக்கு வெளியே கேப் ஃபிளாட்ஸ் என்ற மணற்பாங்கான சமவெளிக்கு அனுப்பப்பட்டனர். அங்கும் நிறவாரியாகப் பிரித்தே குடியமர்த்தினர். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் வெவ்வேறு குடியிருப்புகளுக்குப் போனார்கள்.

வீடுகளை மண்ணோடு மண்ணாக்கிய அரசு, தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் மட்டும் விட்டுவைத்தது. இந்த விதிவிலக்கு பின்னால் பெரிய விளைவை உண்டாக்கியதாக நான் கருதுகிறேன். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் தொலைதூரத்திலிருந்து பேருந்து பிடித்து மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தெரு அழிந்தும் கூட்டம் கலையவில்லை. மெதடிஸ்டு சபையார் 1970களின் தொடக்கத்திலேயே, நிறத்தின் பேரால் வீடிழந்தவர்களை வெட்கத்தோடு நினைவுகூருமாறு வழிப்போக்கர்களைக் கேட்கும் பலகையொன்றைத் தம் ஆலயச் சுவரில் பதித்தனர். இந்த நினைவுச்சின்னத்தை நிறுவியது அரசோ பல்கலைக்கழகமோ அன்று, ஒரு வழிபாட்டுச் சபை.

1980களின் பிற்பகுதியில் பன்னாட்டு எண்ணெய் நிறுவனம் ஒன்று அந்த வெற்று நிலத்தில் பல இனத்தவருக்கான குடியிருப்பு கட்ட முன்வந்தது. நல்ல எண்ணம் போலத் தோன்றினாலும், பறித்த நிலத்தைப் பறிகொடுத்தவர்களைக் கேட்காமல் பங்கிடும் வேலைதான் அது. எதிர்த்துத் திரண்டவர்கள் 1988இல் மாநாடு கூட்டினர். 1989இல் அருங்காட்சியகத்துக்கான அறக்கட்டளை பிறந்தது. இது முதலில் போராட்டமாக இருந்து பிறகு காட்சிக்கூடமானது என்பதை மறந்துவிட்டால், பின்னால் நடந்தது எதுவும் புரியாது.

தெருப் பெயர்ப் பலகைகள் கிடைத்த விதம் தனிக்கதை. இடிப்பு வேலையை மேற்பார்த்த வெள்ளையர் ஒருவர், வீசியெறியச் சொன்ன பலகைகளைத் தன் வீட்டில் பதுக்கி வைத்திருந்தார். எழுபத்தைந்து பலகைகள் இப்போது தேவாலயத்தின் நடுவே வரிசையாகத் தொங்குகின்றன. இடித்தவர் கைவழியே வந்த பொருளை மக்கள் தங்கள் வரைபடத்துக்கு மேலே தொங்கவிட்டிருப்பது, ஆவணம் யாரிடம் தங்குகிறது என்ற பழைய கேள்வியை நினைவூட்டுகிறது. அருகிலேயே காடாத் துணி: வருவோர் பேனாவால் எழுதிய பெயர்களும் குறிப்புகளும் அதில் பின்னர் நூலால் தைக்கப்படுகின்றன. அந்தத் துணி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுவிட்டது.

அருங்காட்சியக வழிகாட்டிகள் பலரும் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் வாழ்ந்தவர்களே. அவர்களில் நூர் இப்ராஹிம் சொல்லும் புறாக் கதை உலகறிந்தது: புதிய வீட்டில் மாதக்கணக்கில் பழக்கிய புறாக்களைத் திறந்துவிட்டால், அவை இடிக்கப்பட்ட பழைய வீட்டு மனையில் போய் இறங்கியிருந்தன. உண்மையான அனுபவம்தான். ஆனாலும் ஒரு சாட்சியம் நாள்தோறும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும்போது அதன் முனைகள் மழுங்குவதை ஆய்வாளர் கணக்கில் கொள்ள வேண்டும். இசையும் திருவிழாவும் நினைவில் முந்துகின்றன. வாடகைத் தகராறும் ரவுடிக் கும்பலும் பின்னுக்குப் போகின்றன.

இந்த நினைவுகளுக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டாயிற்று. 1994ஆம் ஆண்டின் நில உரிமை மீட்புச் சட்டம் பட்டாதாரர்களோடு நில்லாமல், பத்தாண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து குடியிருந்தவர்களின் உரிமையையும் ஏற்றது. வாடகைக்காரர்கள் நிறைந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸுக்கு அது உயிர்நாடியான விதி. எந்த வீட்டில், எத்தனை ஆண்டு, பக்கத்தில் யார் என்பதெல்லாம் வழக்குக்கு வேண்டிய செய்திகளாயின. 1997இல் நில உரிமை நீதிமன்றத்தின் அமர்வொன்று இந்த ஆலயக் கட்டடத்திலேயே நடந்தது. 2004 பிப்ரவரி 11 அன்று, முதலில் திரும்பி வந்தோரில் முதியவர்களான இப்ராஹிம் முராத், டான் இன்ட்ஸபேலா ஆகியோருக்கு நெல்சன் மண்டேலா வீட்டுச் சாவிகளைக் கொடுத்தார். பிறகு வீடு கட்டும் வேலை நத்தை வேகத்தில் நகர்ந்தது. காத்திருந்தவர்களில் பலர் இறந்துபோயினர். நிறவெறி அரசு 1970இல் இப்பகுதிக்குச் சூட்டிய ஸொன்னப்ளூம் என்ற பெயர் 2019இல்தான் நீங்கியது.

முகவரியை ஆதாரமாகக் கொண்ட இந்த முறையின் எல்லை 1901இல் தெரிகிறது. அவ்வாண்டு பிளேக் நோயைச் சாக்கிட்டு, டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் இருந்த ஆப்பிரிக்கர்களை அதிகாரிகள் வெளியேற்றி, பின்னாளில் இன்டபேனி எனப் பெயர்பெற்ற இடத்துக்கு விரட்டினர். 1966க்கு அறுபத்தைந்து ஆண்டு முந்திய வெளியேற்றம் இது. மீட்புச் சட்டம் 1913 ஜூன் 19க்குப் பிந்திய பறிப்புகளை மட்டுமே விசாரிக்கும். ஆகவே அவர்களின் பேரப்பிள்ளைகள் மனுப்போட வழியில்லை. வரைபடத்திலும் அவர்களுக்காகப் பேனா பிடிக்க நேரில் கண்டவர் எவருமில்லை. எல்லா நிறத்தாரும் ஒன்றாய் வாழ்ந்த ஊர் என்ற இனிய சித்திரத்தோடும் இந்த நிகழ்வு ஒட்டாது. இங்கே அருங்காட்சியகம் வாய்மொழியை விட்டு மண்ணுக்குப் போக வேண்டியிருந்தது. 1901 வெளியேற்றத்தோடு தொடர்புடைய ஹார்ஸ்ட்லி தெருவில் கேப் டவுன் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் 1990களில் அகழ்ந்தனர். அந்தத் தெருவுக்கென்று அருங்காட்சியகத்தில் தனிக் காட்சியமைப்பு உருவாயிற்று.