உமறுப்புலவர் யார் என்று கேட்ட தந்தை

ஆண்டுதோறும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வந்து, பிள்ளைகளுக்கு உயர்நிலைப்பள்ளி ஒதுக்கப்பட்ட பிறகு, பெற்றோரிடமிருந்து எனக்கு ஒரே வகையான கேள்வி வரும். பிள்ளை சேர்ந்திருக்கும் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குச் செல்ல வேண்டும் என்று பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்துள்ளது. அது எங்கே இருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் போக வேண்டும், பேருந்து வசதி உண்டா? இவற்றுக்கெல்லாம் விடை சொல்வது எளிது. சென்ற முறை ஒரு தந்தையார் வேறு ஒன்றையும் கேட்டார். "உமறுப்புலவர் என்பவர் யார், ஐயா? சிங்கப்பூர்க்காரரா? இந்த நிலையத்தைக் கட்டியவரா?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு வெட்கப்பட்டேன். அந்தப் பெயர் அங்கே வந்த கதையை என் மாணவர்களுக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சொல்லியிருக்கிறேனா என்று எண்ணிப் பார்த்தேன். இல்லை. ஆகவே இதனை எழுதுகிறேன்.

கதை தொடங்குவது தேக்காவில் அன்று, சைனாடவுனில். சைனாடவுனில் தமிழுக்கு என்ன வேலை என்று வியப்போர் சவுத் பிரிட்ஜ் சாலையில் சற்று நடந்து பார்க்கட்டும். 1826இல் சூலியா முஸ்லிம்கள் அமைத்த ஜாமியா பள்ளிவாசலும், 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. மாரியம்மன் கோயிலின் கோபுரத்தை வைத்துத்தான் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்று பெயர் வந்தது. மாஸ்க் ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் ஆகிய பெயர்களும் நம்மவர் கட்டிய வழிபாட்டு இடங்களையே சுட்டுகின்றன. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும், 'குச்சுப் பள்ளி' என வழங்கிய அல் அப்ரார் பள்ளிவாசலும் உள்ளன. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. சீனர் குடியிருப்பு என்று நாம் எண்ணும் அந்த வட்டாரம், தமிழர் இந்நகரில் முதலில் ஊன்றிய இடங்களுள் ஒன்று.

மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்துக்குப் போகாத சிங்கப்பூரர் குறைவு. கோழிச்சோற்றுக்கு அங்கே நீண்ட வரிசை நிற்கும். 2022இல் அதற்கு மிக அருகிலேயே பெருவிரைவு ரயில் நிலையமும் திறக்கப்பட்டுவிட்டது. அந்த உணவங்காடி நிலையத்தின் முகவரியை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? எண் 1, கடையநல்லூர் ஸ்திரீட். தென்காசிக்கு அருகிலுள்ள ஒரு நெசவாளர் ஊரின் பெயர் சைனாடவுனின் நடுவே, தெருப்பலகையில் ஆங்கில எழுத்துகளில் இன்றும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதைப் படிக்கத் தடுமாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நம் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள் என்பது வேறு செய்தி.

கடையநல்லூர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் கைத்தறி நெசவை நம்பி வாழ்ந்தவர்கள். தறி சோறு போடாத காலத்தில் கப்பலேறினார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்த 'ரஜூலா' போன்ற கப்பல்கள் அந்தத் தலைமுறையின் நினைவில் நீங்கா இடம் பெற்றவை. இங்கு வந்தவர்களில் பலர் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். மூட்டை சுமத்தல், சிறு கடை, உணவுக்கடை, பெட்டிக்கடை எனக் கிடைத்த தொழிலைச் செய்தனர். 1941இல் அவர்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பை நிறுவினர். மறு ஆண்டு பிப்ரவரியில் ஊர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று.

மூன்றரை ஆண்டுக் கால இருளைப் பற்றி இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1945 செப்டம்பரில் போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது அரிசிக்குப் பங்கீடு, வேலைக்குத் திண்டாட்டம், ஊருக்குத் திரும்பக் கப்பல் கிடைப்பதும் அரிது. அந்த நிலையில், 1946இல், இந்தச் சங்கம் ஒரு தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. அன்றாடக் கூலிக்காரர்கள் பலரைக் கொண்ட ஒரு சமூகம், போர் முடிந்து ஓராண்டு கடப்பதற்கும் கடப்பதற்குள்ளும் இடைப்பட்ட அந்தப் பஞ்ச காலத்தில், தன் சேமிப்பைப் பள்ளிக்கூடத்தில் போட்டது என்பதை நான் எண்ணி எண்ணி வியக்கிறேன். இன்று நம் அமைப்புகள் ஒரு பேச்சுப்போட்டி நடத்த எத்தனை கூட்டம் கூடுகின்றன!

அதைவிட வியப்பு, பள்ளிக்கு அவர்கள் தேர்ந்த பெயர். நன்கொடை அளித்த செல்வர் பெயரை வைக்கவில்லை. ஊர்ப் பெயரை வைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் எட்டயபுரத்தில் வாழ்ந்த ஒரு புலவரின் பெயரை வைத்தார்கள். வள்ளல் சீதக்காதியின் ஆதரவு பெற்றவர் உமறுப்புலவர். நபிகள் நாயகத்தின் வாழ்வைச் சீறாப்புராணம் என்னும் காப்பியமாகப் பாடியவர். அரபு நாட்டு வரலாற்றைப் பாடும்போது தமிழ்க் காப்பிய மரபைக் கைவிடாமல், நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்துப் பாடியவர். மார்க்கமும் மொழியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. பள்ளியும் அந்தப் பெயருக்கு ஏற்ப நடந்தது. முஸ்லிம் சங்கம் நடத்திய அப்பள்ளி தமிழ்ப் பிள்ளைகள் எல்லார்க்கும் உரியதாக இருந்தது.

தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் அக்காலத்தில் தீவின் பல இடங்களில் இருந்தன. நாரிஸ் சாலையில் இராமகிருஷ்ண மடம் நடத்திய விவேகானந்தா, சாரதாமணி பள்ளிகளை மூத்தோர் பலர் அறிவர். குறை வேறிடத்தில் இருந்தது. ஆறாம் வகுப்பை முடித்த தமிழ்ப் பிள்ளை அடுத்து எங்கே போவது? ஆங்கிலப் பள்ளியில் நுழைய ஆங்கிலம் போதாது. தமிழில் மேலே படிக்கப் பள்ளி இல்லை. பன்னிரண்டு வயதில் படிப்பு நின்று, தந்தையின் கடைக்கோ துறைமுகத்துக்கோ போக வேண்டியதுதான். இந்தச் சுவரில் ஒரு வாசலை வெட்டியதுதான் உமறுப்புலவர் பள்ளியின் பெருஞ்செயல்.

1956இல் வெளிவந்த அனைத்துக் கட்சிக் குழுவின் கல்வி அறிக்கை, நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் எனப் பரிந்துரைத்தது. சீனப் பள்ளிகளில் எழுந்த கொந்தளிப்பைத் தணிக்கவே அக்குழு அமைக்கப்பட்டது. ஆயினும் அதன் பயன் தமிழுக்கும் கிட்டியது. 1960ஐ ஒட்டி உமறுப்புலவர் பள்ளியில் உயர்நிலை வகுப்புகள் தொடங்கின. சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளியாக அது வளர்ந்தது. இதன் அருமையை உணர அண்டை நாட்டைப் பார்த்தால் போதும். மலேசியாவில் இன்றும் 500க்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இயங்குகின்றன. தமிழ்வழி உயர்நிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. அங்கே நெடுநாள் கோரிக்கையாகவே இருந்துவரும் ஒன்றை மேக்ஸ்வெல் சாலைப் பக்கத்தில் நெசவாளர் வழிவந்தோர் நடத்திக் காட்டினர்.

தமிழ்வழி உயர்நிலைப்பள்ளி என்றால் என்ன என்பதை இன்றைய ஆசிரியர்கள் சற்றே கற்பனை செய்துபார்க்க வேண்டும். நாம் தமிழைக் கற்பிக்கிறோம். அவர்கள் தமிழில் கற்பித்தார்கள். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் உலக வரலாற்றையும் புவியியலையும் தமிழில் படித்து, தமிழில் ஐயம் கேட்டு, தமிழில் விடை எழுதினான். வகுப்பறை அறிவிப்பு தமிழில். விளையாட்டுத் திடலில் சண்டையும் தமிழில். பள்ளிக்கு வெளியிலும் அதற்கு ஏற்ற காற்று வீசிய காலம் அது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளேடு மாணவர்க்கென்றே மணிமன்றப் பகுதியை நடத்தி இளம் எழுத்தாளர்களை வளர்த்தது. 1952 முதல் தமிழர் திருநாள் ஊர்கூடிக் கொண்டாடப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைக்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்று சொல்லி நிதி திரட்டப்பட்டபோது எளிய தொழிலாளர்களும் காசு கொடுத்தனர்.

பிறகு ஏன் மூடப்பட்டது? இங்கேதான் நம்மில் பலர் அரசையோ பிறரையோ குறை கூறிவிட்டுக் கடந்து போகிறோம். நான் அவ்வாறு கடக்க விரும்பவில்லை.

1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாயிற்று. மறு ஆண்டே உயர்நிலைப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. இதில் ஒரு முரண் இருந்தது. ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தாலும் பிள்ளைக்குத் தமிழ் கிடைக்கும் என்ற நிலை வந்தவுடன், தமிழ்ப்பள்ளியில் சேர்க்க வேண்டிய காரணம் பல பெற்றோருக்கு இல்லாமற்போயிற்று. தமிழைக் காத்த கொள்கையே தமிழ்ப்பள்ளியைத் தளரச் செய்தது. 1968இல் ஆங்கிலேயர் தம் படையை விலக்கிக்கொள்ளும் முடிவை அறிவித்தனர். 1971க்குள் படைத்தளங்களில் வேலை பார்த்த இந்தியர் பலர் வேலை இழந்து, குடும்பத்தோடு ஊர் திரும்பினர். புதிதாக வந்த பன்னாட்டுத் தொழிற்சாலைகளும் வங்கிகளும் ஆங்கிலம் அறிந்தோரைத் தேடின. தமிழில் உயர்நிலை முடித்தவனுக்கு அடுத்த படி இல்லை. சீனர் தம் பிள்ளைகளுக்கென நன்யாங் பல்கலைக்கழகத்தையே கட்டியிருந்தனர். அதுவும் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. கடலே வற்றும்போது குளம் என்ன செய்யும்?

என் தந்தையார் வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி பேச விடமாட்டார். ஆனால் என்னைச் சேர்த்தது ஆங்கிலப் பள்ளியில். அவர் தமிழ்ப்பற்றில் எவருக்கும் குறைந்தவர் அல்லர். மகன் தம்மைப் போல் வெயிலில் நிற்கக்கூடாது என்று நினைத்தார், அவ்வளவே. அந்தத் தலைமுறையின் பெற்றோர் ஒவ்வொருவரும் தனித்தனியே எடுத்த சரியான முடிவுகள் சேர்ந்து ஒரு பள்ளியை வெறுமையாக்கின. 1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டது. சிங்கப்பூரில் தமிழ்வழிக் கல்வி அத்துடன் முடிந்தது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று.

சீனவழி உயர்நிலைப்பள்ளிகளுள் ஒன்பது, 1979இல் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளாகப் பேணப்பட்டு இன்று பெரும்பள்ளிகளாக விளங்குகின்றன. தமிழுக்கு இருந்தது ஒரே பள்ளி. அதிலும் மாணவர் தொகை சுருங்கியிருந்தது. ஒப்பிட்டு ஏங்குவதில் பயனில்லை என்று அறிவு சொல்கிறது. ஏக்கம் கேட்பதில்லை.

பெயர் மட்டும் தப்பியது. 1983இல் உருவான தமிழ்மொழி நிலையம் இன்று உமறுப்புலவர் பெயரைத் தாங்கி, பியட்டி சாலையில் இயங்குகிறது. சைனாடவுன் நிலையத்தில் ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தமான ஃபேரர் பார்க்கில் இறங்கி நடந்துவிடலாம். தத்தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் தீவின் பல திசைகளிலிருந்தும் அங்கு வருகின்றனர். உயர்தமிழ் பயில்வோரும் வருகின்றனர். பகலெல்லாம் வகுப்பில் தான் ஒருத்தியே தமிழ்ப்பிள்ளை என்றிருந்த மாணவி, மாலையில் முப்பது தமிழ் முகங்களுக்கு நடுவே அமர்கிறாள். முதல் மாதம் தொலைவைக் குறைகூறிய பிள்ளைகள் பின்பு தோழமைக்காகவே வருவதை நான் கண்டிருக்கிறேன். பழைய பள்ளியின் ஒரு பண்பு அவ்வகையில் எஞ்சியிருக்கிறது.

ஆயினும் இழப்பைச் சிறிதாக்கிச் சொல்லவும் எனக்கு மனமில்லை. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாகச் சொன்ன இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர். 2010இல் அது 37 ஆனது. 2020இல் ஆங்கிலத்தைக் குறிப்பிட்டோர் பாதிக்கும் மேல். 2005இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரச் சொன்னதன் காரணமும் இதுவே: வீட்டில் கேளாத பேச்சைப் பள்ளியாவது தர வேண்டியதாயிற்று. செந்தமிழில் ஊறிய என்னைப் போன்றோர் அன்று முணுமுணுத்தோம். இன்று அக்குழு சொன்னது சரியென்றே ஒப்புகிறேன். எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. தமிழைப் பற்றி மட்டுமே தமிழில் பேசத் தெரிந்த பிள்ளைகளை நாம் உருவாக்குகிறோம். பொங்கலைப் பற்றிப் பத்து வரி எழுதுவான். தன் கணினி பழுதானதைத் தமிழில் சொல்லச் சொன்னால் விழிப்பான்.

அத்தந்தையாரிடம் இவ்வளவையும் தொலைபேசியில் சொல்ல இயலவில்லை. "வாருங்கள், நேரில் காட்டுகிறேன்" என்றேன். அதையே சற்று விரிவாக்கலாம் என்று எண்ணுகிறேன். வரும் ஏப்ரலில், தமிழ்மொழி விழா மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை, உயர்நிலை ஒன்று மாணவர்களையும் பெற்றோரையும் மேக்ஸ்வெல் ரயில் நிலையத்தில் கூட்டி, கடையநல்லூர் ஸ்திரீட் வழியே நடந்து, மாரியம்மன் கோயிலையும் ஜாமியா பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு, ரயிலேறிப் பியட்டி சாலைக்குப் போவதாகத் திட்டம். முழுதும் நடந்தால் பிள்ளைகள் என்னைத் தமிழிலேயே திட்டுவார்கள். அதுவும் ஒரு பயிற்சிதான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 1982இல் கடைசியாக அப்பள்ளியை விட்டு வந்த மாணவர்கள் இன்று அறுபதை நெருங்கியோ கடந்தோ இருப்பர். முதல் அணியினர் எண்பதைத் தொட்டிருப்பர். அவர்களுள் யாரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், மதிப்பெண் அட்டை, வகுப்புப் புகைப்படம், ஆண்டுமலர் எதுவாயினும் தூக்கியெறியாமல் எடுத்து வையுங்கள். தேசிய நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுக்கலாம். இரண்டு மணி நேரம் எங்களோடு நடக்க அவர்களுக்குக் கால் ஒத்துழைக்குமானால் அழைத்தும் வாருங்கள். பள்ளி நின்ற இடத்தை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டும் உரிமை எனக்கில்லை. அங்கே படித்தவருக்கே உண்டு.