கிட்டாரும் நம் பிள்ளைகளும்: ஒரு சிறு வரலாறு



நம் லயங்களில் சாயங்காலமானால் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் கிட்டார் சத்தம் கேட்கும். பெரும்பாலும் ஒரே பாட்டுத்தான். அதுவும் பாதியில் நிற்கும். "சாமி பாட்டுக்கு உருமி மேளம் இருக்கு, படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கு. இந்தக் கட்டையைத் தட்டி என்ன ஆகப்போகுது?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அந்தக் கட்டையின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில், கிட்டார் பழகும் பிள்ளை பிடிக்கப் பார்ப்பது என்ன? அதன் பெயர் கார்ட். நம் இசையில் ஒரு சுரத்தின் பின்னால் இன்னொரு சுரம் வரும். மேல்நாட்டு இசையிலோ மூன்று சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும். ச, க, ப மூன்றையும் ஒன்றாக மீட்டிப் பாருங்கள், அதுதான் கார்ட். நடுவில் உள்ள காந்தாரம் உயர்ந்து நின்றால் 'மேஜர்'. கேட்க மலர்ச்சியாக இருக்கும். அதே காந்தாரம் அரைச்சுரம் இறங்கினால் 'மைனர்'; மனம் கொஞ்சம் கனத்துப் போகும். ஒரே ஒரு விரல் நகர்ந்தால் போதும், சிரிப்பு ஏக்கமாகிவிடுகிறது!

இந்தக் கார்டுகளை எளிய முறையில் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. ஸ்பெயின் நாட்டில் பார்சலோனா பக்கத்தில் ஹுவான் கார்லோஸ் அமாட் என்று ஒரு வைத்தியர் இருந்தார். அவர் 1596-ஆம் ஆண்டில் ஒரு சிறிய கிட்டார் நூல் எழுதினார். அந்தக் காலத்துக் கிட்டாரில் ஐந்து வரிசைக் கம்பிகள். மேஜர் 12, மைனர் 12, ஆக 24 கார்டுகளுக்கும் அவர் எண் கொடுத்து, எந்த விரல் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார். 1606-இல் இத்தாலியில் மொன்டேசார்டோ என்பவர் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளை வைத்தார். அவை இன்றைய சி, ஜி, டி அல்ல. ஆனாலும் வழி அதே வழிதான். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவனும் எழுத்தைப் பார்த்து விரலை வைத்துப் பாடலாம். அரண்மனை வித்துவான்கள் மட்டுமே இசைக்க முடியும் என்ற நிலையை மாற்றியதில் இந்த எழுத்துகளுக்கும் பங்குண்டு. இன்று பாட்டுப் புத்தகங்களில் வரிகளுக்கு மேலே எழுத்துப் போட்டிருக்கிறார்களே, அதற்கு வயது 400-க்கு மேல்!

சுமார் 1800-இல் கிட்டார் ஆறு கம்பிக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினைச் சேர்ந்த அந்தோனியோ தே தோரஸ் என்ற தச்சர் அதன் உடலைப் பெரிதாக்கி, இன்று நாம் காணும் வடிவத்தைத் தந்தார். ஒரு தச்சரின் கை வேலை உலகமெல்லாம் பரவியது.

நம் நாட்டுக்கு வருவோம். 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவும் சிங்கப்பூருக்கு வந்து பாடினார்கள். அதன் பிறகு மலேசிய, சிங்கப்பூர் இளைஞர்கள் ஊருக்கு ஊர் கிட்டார் குழு தொடங்கினார்கள். அக்குழுக்களை மலாய் மொழியில் 'குகிரான்' என்றார்கள். 1960-களின் இறுதியில் பினாங்கில் தோன்றிய 'ஆலிகேட்ஸ்' குழுவை நீங்கள் அறிவீர்கள். அதை நடத்தியவர்கள் டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும். நம் இனத்துச் சகோதரர்கள் பாடிய மலாய்ப் பாட்டுகளை நாடே பாடியது.

இனி நமக்கு இன்னும் நெருக்கமான கதை. கேமரன் மலையில் 1929-இல் போ தோட்டம் தொடங்கியது. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்து இந்தச் சரிவுகளில் தேயிலை நட்டார்கள். அதேபோல் கேரளத்துத் தேவிகுளம், மூணாறு மலைகளிலும் கொழுந்து பறித்தவர்கள் தமிழர்களே. 1958-இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தது. மலையடிவாரத்துப் பண்ணைப்புரம் கிராமத்துப் பாவலர் வரதராசன் அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடினார். அவருடைய தம்பிதான் ராசய்யா. அண்ணன் குழுவோடு ஊர் ஊராகப் போய், பாட்டும் ஆர்மோனியமும் பழகிய பையன்.

1968-இல் அந்தப் பையன் சென்னைக்குப் போனார். அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையைக் குறிப்பு எழுதி, வாசித்துக் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். சலில் சௌத்ரி போன்ற இசையமைப்பாளர்களுக்குக் கூலிக்குக் கிட்டார் வாசித்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. ராசய்யா இளையராஜா ஆனார். 2025 மார்ச் 8-ஆம் தேதி, தமது 81-ஆம் வயதில், லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு 'வேலியண்ட்' என்ற தம் சிம்பொனியை அரங்கேற்றினார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? எல்லாரும் இளையராஜா ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. மேடையில் கைதட்டு வாங்கிய பிறகும் அவர் மாணவராகப் போய் உட்கார்ந்தார் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். கார்ட் என்பது வாசற்படி. அமாட் வைத்தியர் அந்தப் படியை நமக்குத் தாழ்வாகவே கட்டிக் கொடுத்தார். ஆனால் நம் பிள்ளைகள் பலர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் ஏறுவதற்கு முன்பே திரும்பிவிடுகிறார்கள்.

ஏன் திரும்புகிறார்கள்? முதல் சில வாரம் விரல் நுனி எரியும். "சார், வலிக்குது" என்பார்கள். கொழுந்து பறிக்கும் அம்மாவின் கையைப் பார், தம்பி! தோல் காய்த்துப்போனால் வலி போய்விடும். முதலில் இரண்டே விரலில் பிடிக்கும் 'ஈ மைனர்' பழகு. பிறகு ஜி, சி, டி. இந்த மூன்று மேஜர் கார்டும் கைக்கு வந்தால் எத்தனையோ எளிய பாட்டுகளுக்கு வாசிக்கலாம். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் கஷ்டம்; அதை மெதுவாக, தாளம் தவறாமல் செய். அடுத்து ஆள்காட்டி விரலால் கம்பிகளை ஒருசேர அழுத்தும் 'எஃப்' வரும். பலர் கிட்டாரைச் சுவரில் மாட்டுவது அங்கேதான். நீ மாட்டாதே! அதைத் தாண்டினால் இசைக்குறிப்பையும் படி. 'அ', 'ஆ' எழுதிப் பழகித்தானே இன்று இந்த மலரை வாசிக்கிறாய்?

பெற்றோர்களே, வீட்டுப்பாடம் முடிந்ததும் தினம் அரை மணி நேரம் கொடுங்கள். "நிறுத்துடா" என்று சொல்வதற்குப் பதிலாக, "நேத்து விட்ட இடத்தைத் தாண்டிட்டியா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி கிட்டாருக்கும் உதவும், கணக்குப் பாடத்துக்கும் உதவும்.

வளர்க கல்வி! வளர்க கலை! வாழ்க தமிழ்!