ஆங்கிலத் தொடர்வினை

ஆங்கிலத்தில் ‘பி’ என்னும் துணைவினையோடு முதன்மை வினையின் ‘இங்’ வடிவம் சேர்வது தொடர்வினை. துணைவினை மட்டும் காலத்துக்கும் எழுவாய்க்கும் ஏற்ப ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’, ‘வேர்’, ‘வில் பி’ என மாறும். இப்போது நடப்பதைச் சொல்லும் வடிவம் என்று இதைச் சுருக்கிச் சொல்லிக்கொடுப்பது வழக்கம், அது போதாது. ‘ஷி ரோட் எ லெட்டர்’ என்றால் கடிதம் எழுதி முடிந்துவிட்டது. ‘ஷி வாஸ் ரைட்டிங் எ லெட்டர்’ என்றால் முடிந்ததா என்பது தெரியாது. இரண்டுமே இறந்தகாலம்தான். ஆகவே தொடர்வினை உணர்த்துவது நேரத்தை அன்று, முடிவுறாத செயலை அதன் நடுவில் நின்று காணும் நோக்கை. ‘ஐ ஆம் லீவிங் டுமாரோ’ என எதிர்காலத்துக்கும் அது பொருந்துவது இதனால்தான்: பயணம் நாளை, ஏற்பாடு இன்றே நடப்பில் இருக்கிறது.

அறிதலும் முடிவுறாததுதானே, ‘ஐ ஆம் நோயிங்’ மட்டும் ஏன் பிழை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அறிதல் ஒரு நிலை. அதற்குத் தொடக்கம், நடு, முடிவு என்ற படிகள் இல்லை, நடுவில் நின்று காண ஏதுமில்லை. நிலைவினைக்கும் தற்காலிகத் தன்மை ஏறினால் தடை தளர்கிறது. ‘ஹி இஸ் ரூட்’ என்பது ஒருவரின் இயல்பு, ‘ஹி இஸ் பீயிங் ரூட்’ என்பது அப்போதைய நடத்தை. 2003இல் மெக்டொனால்ட்ஸ் பரப்பிய ‘ஐ ஆம் லவிங் இட்’ என்ற விளம்பர வாசகமும் விதிமீறல் அன்று. அந்தக் கணத்துச் சுவைப்பையே அது சொல்கிறது. தொடர்வினையின் வடிவங்கள் அனைத்தும் ஒரே அளவு பழமையானவை அல்ல. ‘தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்’ போன்ற செயப்பாட்டுத் தொடர்வினை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் பலர் அதை எதிர்த்தனர்.