தூண்டிற்கோல் வளையங்களும் பழைய கட்டின் எச்சமும்

தூண்டிற்கோல் வளையம் என்பது, ரீலிலிருந்து வரும் கயிற்றைக் கோலின் நுனிவரை கொண்டுசெல்லும் சிறு உலோக அல்லது பீங்கான் வளையம். இதன் தட்டையான கால் கோலின்மேல் வைக்கப்பட்டு, நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டப்படுகிறது. நூலின்மேல் வார்னிஷ் அல்லது எப்பாக்சி பூசப்படும். பழைய கோலைப் புதுப்பிக்க வளையங்களை அகற்றினால், அந்த இடங்களில் நூல் துணுக்கு, வார்னிஷ் திட்டு, துரு ஆகியவை எஞ்சுகின்றன. இந்த எச்சத்தை நீக்கும் முறை, கோல் எக்காலத்தில் எப்பொருளால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. முறை மாறினால் கோலே கெட்டுவிடும்.

வளையங்களின் தோற்றம்

ஐரோப்பாவின் தொடக்ககாலத் தூண்டிற்கோல்களில் வளையங்கள் இல்லை. 1496இல் வின்கின் டி வோர்ட் இங்கிலாந்தில் அச்சிட்ட தூண்டில் மீன்பிடிப்பு நூல், குதிரைமயிர்க் கயிற்றைக் கோலின் நுனியில் நேராகக் கட்டும் முறையை விவரிக்கிறது. 1653இல் முதலில் வெளிவந்து பின்னர் விரிவாக்கப்பட்ட ஐசக் வால்டனின் நூல், சால்மன் மீன் பிடிப்போர் கோல் நுனியில் கம்பி வளையம் ஒன்றை வைத்ததையும், சிலர் கயிறு சுற்றச் சக்கரம் பயன்படுத்தியதையும் குறிப்பிடுகிறது.

ரீல் பரவலானபோது, கயிறு கோலை ஒட்டி ஓட நீளம் முழுதும் வளையங்கள் தேவைப்பட்டன. முதலில் கோலோடு படிந்து தொங்கும் தளர்வளையங்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முறுக்கிய கம்பியால் ஆன பாம்பு வடிவ வளையங்கள் பறவை இறகு ஈ கட்டி மீன்பிடிக்கும் கோல்களில் இடம்பிடித்தன. வளையத்துடன் பட்டுநூல் கட்டும் வார்னிஷும் கோலின் நிலையான உறுப்புகளாயின.

பிளவு மூங்கில் கோல்

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கி செய்பவராகவும் வயலின் செய்பவராகவும் இருந்த சாமுவேல் பிலிப், 1840களில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தார். 1870களில் மெய்ன் மாநிலத்தின் பேங்கர் நகரில் ஹைரம் லெனார்ட், மூங்கில் பட்டைகளைச் சீவும் இயந்திரத்தின் துணையுடன் ஆறு பட்டைக் கோல்களை வணிக அளவில் செய்தார். முக்கோண வெட்டுமுகம் கொண்ட ஆறு பட்டைகள், மூங்கிலின் வெளிப்புறம் வெளியே இருக்குமாறு சேர்த்து ஒட்டப்பட்டன. கோல் அறுகோண வடிவம் பெற்றது.

தொடக்கத்தில் கல்கத்தா வழியாக ஏற்றுமதியான இந்திய மூங்கில் பயன்பட்டது. அது கல்கத்தா மூங்கில் என்றே அழைக்கப்பட்டது. அதன் தண்டுகளில் நெருப்பில் சுட்ட தழும்புகள் பெரும்பாலும் காணப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளையும் டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது.

எச்சத்தில் உள்ள இடர்

மூங்கிலின் வலிய நார்கள் தோலை ஒட்டிய வெளிப்பகுதியில் அடர்ந்திருக்கும். உள்நோக்கிச் செல்லச்செல்ல அவை குறையும். ஒட்டிய கோலில் வெளியே தெரியும் தளமே கோலின் வலிமை. பழைய வார்னிஷ் திட்டை உப்புத்தாளால் அழுத்தித் தேய்ப்பவர் அந்த நார்களையும் சேர்த்தே தேய்க்கிறார். அறுகோணத்தின் விளிம்புகள் மழுங்குகின்றன, கோல் தளர்கிறது. இழந்த நாரைத் திரும்ப வைக்க வழியில்லை.

இரண்டாவது இடர் பசையில் உள்ளது. பழைய கோல்கள் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டப்பட்டவை. அது வெப்பத்திலும் ஈரத்திலும் இளகும். இதனால்தான் அக்காலச் செய்வினைஞர்கள் வளையங்களுக்கு இடையிலும் பட்டுநூல் கட்டுகளை நெருக்கமாகப் போட்டனர். பசை விட்டாலும் கட்டு பட்டைகளைப் பிடித்துக்கொள்ளும். எச்சத்தை நீக்க வெந்நீரோ ஆவியோ பயன்படுத்தி, எல்லாக் கட்டுகளையும் ஒரேயடியாக அறுத்தால் கோல் ஆறு பட்டைகளாகப் பிரிந்துவிடக்கூடும். நீர்புகாத செயற்கைப் பசைகள் வந்தபின் இடைக்கட்டுகள் தேவையற்றுப் போயின. 1940களில் வெர்மான்ட் மாநிலத்தின் ஆர்விஸ் நிறுவனத்தில் வெஸ் ஜோர்டான், மூங்கிலுக்குள் பேக்கலைட் வகைப் பிசினை ஊறவைக்கும் முறையை உருவாக்கினார். அத்தகைய கோலின் தண்டுக்கு வார்னிஷே தேவையில்லை. அதில் கட்டு இருந்த இடத்தைத் துடைத்து மெருகேற்றினால் போதும்.

மூன்றாவது இடர் தடயம் அழிவது. வெயிலில் மூங்கில் பழுத்து நிறம் மாறும்போது, பட்டுநூலின் அடியில் இருந்த பகுதி வெளிறியே இருக்கும். வளையங்கள் முதலில் எங்கே இருந்தன, பின்னர் யாரேனும் இடம் மாற்றினார்களா என்பதை இந்த வெளிறிய பட்டைகள் காட்டுகின்றன. வளைய இடைவெளி செய்வினைஞரை அடையாளம் காண உதவும் குறிப்புகளில் ஒன்று. சிலர் தம் பெயரையும் எண்ணையும் கைப்பிடிக்கு மேலே மையால் எழுதி வார்னிஷ் பூசினர். முழு வார்னிஷையும் களைந்தால் அந்த எழுத்தும் போய்விடும்.

ஆகவே பழைய மூங்கில் கோலில் ஒரு கட்டை அவிழ்க்கும்முன் அதன் இடத்தையும் நூலின் நிறத்தையும் குறித்துக்கொள்வது மரபு. பிளேடு உலோகக் காலின்மேல் மட்டுமே ஓட நூல் அறுக்கப்படும். எஞ்சிய வார்னிஷ் கூரற்ற விளிம்பால் சிறிது சிறிதாக நெம்பி எடுக்கப்படும்.

கண்ணாடியிழையும் கார்பனும்

1940களின் இறுதியில் அமெரிக்காவில் கண்ணாடியிழைக் கோல்கள் சந்தைக்கு வந்தன. 1950இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த தடையால் டோங்கின் மூங்கில் வரத்து நின்றது. பல மூங்கில் பட்டறைகள் நலிந்தன. 1973இல் பென்விக் நிறுவனம் கார்பன் இழைக் கோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கட்டுகளுக்கு வார்னிஷுக்குப் பதில் இரு கூறு எப்பாக்சி பூசும் வழக்கமும் பரவியது.

கார்பன் கோல் மெல்லிய சுவருள்ள குழாய். அதன் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்கே விழும் ஒரு பிளேடு கீறல் இழைகளை அறுத்துவிடும். பெரிய மீன் இழுக்கும்போது கோல் அந்த இடத்தில்தான் முறியும். முடி உலர்த்தியால் மிதமாகச் சூடாக்கினால் எப்பாக்சி இளகி நூலோடு உரிந்துவரும். மீதித் திட்டை நகத்தாலோ பிளாஸ்டிக் விளிம்பாலோ தள்ளி, ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைப்பது வழக்கம். மிகுந்த வெப்பமும் கடும் கரைப்பான்களும் கோலின் பிசினையே தாக்கக்கூடியவை.

இன்றைய நிலை

மீன்பிடிக்கப் பயன்படும் கோலில் எச்சம் முழுவதும் நீங்கினால்தான் புதிய வளையத்தின் கால் சீராக உட்காரும், கயிறு நேராக ஓடும். சேகரிப்புக்குரிய பழைய மூங்கில் கோலில் முதல் கட்டும் வார்னிஷும் அப்படியே இருப்பது மதிப்பை உயர்த்துகிறது. தொழிலறிந்த புதுப்பிப்போர் கோலை எடுத்தவுடன் முதலில் முடிவு செய்வது, அது ஆற்றுக்குப் போகுமா, பேழைக்குப் போகுமா என்பதைத்தான். எச்சம் எவ்வளவு நீக்கப்படும் என்பது அதன் பிறகே தீர்மானமாகிறது.