ஹந்தானையிலிருந்து கத்தரிப் பாத்தி வரை

ஒக்டோபர், நவம்பரில் கண்டியின் ஹந்தானை மலையில் இடி முழக்கத்தோடு கொட்டும் பின்னேர மழையில் பெரும்பங்கு கண்முன்னே ஓடிப்போய்விடும். கான்கள் நிரம்பி, மெத-எல ஓடை கலங்கி, கெட்டம்பே பக்கம் மகாவலியில் சேரும். அப்பால் பொல்கொல்லை. 1976 முதல் அங்கே மறிக்கப்படும் ஆற்று நீர் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளை மின்நிலையத்துக்குப் போய், பிறகு வடக்கே வயல்களுக்கும் பாய்கிறது. ஓடாமல் மண்ணுக்குள் இறங்கிய மிச்சத்தின் கதை வேறு.

கண்டியின் அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. இறுகிய அந்தப் பாறையில் தண்ணீர் தங்க இடமில்லை. பாறை உக்கி மண்ணான மேற்படையிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் அதன் நடமாட்டம். மழை விட்டு வாரக்கணக்கான பிறகும் சரிவின் கீழ்நோக்கி அது கசிந்துகொண்டிருக்கும். தானாக வெளிப்படும் இடத்தில் தோட்டத்து மக்கள் பீலி வைத்தார்கள். வெளிப்படாத இடத்தில் கிணறு தோண்டுகிறோம்.

ஆகவே மலைச்சரிவுக் கிணறு, போகிற தண்ணீர் சற்றுத் தரித்துச் செல்லும் இடம். அதைச் சேமிப்புத் தாங்கி என்று எண்ணியவர்கள்தான் பெப்ரவரியில் சேற்றை இறைக்கிறார்கள். எத்தனை குதிரைவலு மோட்டர் என்று கேட்கும் முன், கிணறு எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று பார்க்கவேண்டும். நான்கு அடி விட்டமுள்ள கிணற்றில் ஓரடித் தண்ணீர் சுமார் 355 லீற்றர். காய்ந்த மாதமொன்றில் கயிற்றில் கல்லைக் கட்டி மட்டத்தை அளந்துவிட்டு, மூன்றடி இறைத்துப் பாருங்கள். பழைய மட்டம் வர ஆறு மணித்தியாலம் எடுத்தால், மணிக்கு 180 லீற்றருக்குச் சற்றுக் குறைவுதான் வரவு. எவ்வளவு பெரிய மோட்டரும் அந்த வரவைக் கூட்டித் தராது. சின்ன மோட்டரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கியை நிரப்புவதே கிணற்றுக்கும் நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது.

கிணற்றுக்கட்டில் வைக்கும் மோட்டருக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அது குழாயில் அழுத்தத்தைக் குறைக்க, தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. 1644இல் இத்தாலியின் டொரிச்செல்லி விளக்கிய உண்மை இது. கடல் மட்டத்தில் காற்று தாங்கும் நீரின் உயரம் ஏறக்குறைய 10.3 மீற்றர். சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அதில் அரை மீற்றருக்கு மேல் போய்விடும். குழாயின் உராய்வையும் வளைவுகளையும் கழித்தால் நம்பக்கூடியது ஆறு, ஏழு மீற்றர்தான். மட்டம் அதற்குக் கீழே போகும் கிணற்றில், உள்ளே தட்டுக் கட்டி மோட்டரை இறக்கவேண்டும், இல்லையேல் நீர்மூழ்கிப் பம்ப் போடவேண்டும்.

குழாயின் அடிநுனியில் இருக்கும் ஃபுட் வால்வைப் பலர் கவனிப்பதேயில்லை. அதன் மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், இரவு முழுக்கக் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் சுவிட்சைப் போட்டதும் மோட்டர் கனமில்லாத சத்தத்தோடு வெறுமையாகச் சுழலும். உடனே நிறுத்தாவிட்டால் உள்ளே சீல் கருகும். வால்வு அடித்தரையில் படாமல் இரண்டடி மேலே தொங்கட்டும்.

மேலே ஏற்றிய பின் வேலையைச் சரிவு பார்த்துக்கொள்ளும். பத்து மீற்றர் உயரத்தில் தாங்கி இருந்தால் கீழ்ப்பாத்தியில் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். கத்தரிக்கும் போஞ்சிக்கும் சொட்டுக் குழாய் போட அது தாராளம். திகன பக்கம் மட்டும் யோசித்துச் செய்யவேண்டும். அங்கே நிலத்தடியில் டொலமைட் பளிங்கு இருப்பதால், அதைக் கரைத்து வரும் தண்ணீர் சொட்டுத் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். அங்கே ஹோஸ் பிடித்து ஊற்றுவதே மேல்.

வேர் குடித்தது போக எஞ்சியது மறுபடி கீழ்நோக்கிக் கசியும், கீழ்வீட்டுக் கிணற்றை நோக்கி. கண்டியில் மேல்வீட்டு முற்றங்கள் ஒவ்வொன்றாகச் சீமெந்தால் மூடப்படும்போது அந்தக் கிணறுகளுக்குத்தான் வரவு குறைகிறது. சீமெந்து போட்டே ஆகவேண்டுமென்றால் கூரைப் பீலித் தண்ணீரைக் கானுக்கு விடாமல், கல் நிரப்பிய குழியொன்றுக்குத் திருப்புங்கள். குழி வீட்டு அத்திவாரத்துக்கும் மண்சரியக்கூடிய சரிவு விளிம்புக்கும் தள்ளியே இருக்கவேண்டும்.