பதுளையிலிருந்து ஒரு நாள் பயணம்: பெயர்ப்பலகையில் இல்லாத வரலாறு

 

பாடசாலை லீவு விட்டதும் நம் வட்ஸ்அப் குழுக்களில் முதலில் வருவது வேன் ட்ரிப் விளம்பரம்தான். கொழும்பு, காலி, நுவரெலியா என்று தூரத்து ஊர்களாகவே இருக்கும். வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வந்து பார்க்கிற எல்ல, நமக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். அப்புத்தளை, பண்டாரவளை, தியத்தலாவ எல்லாமே காலையில் போய் இஷாவுக்கு முன் வீடு திரும்பக்கூடிய ஊர்கள். போகிறவர்களும் பாலத்தில் நின்று ஒரு செல்ஃபி, ஒரு ரொட்டி, ஒரு பிளேன்டீ என்று திரும்பிவிடுகிறோம். அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறோமே, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நம் கையில் என்ன இருக்கிறது என்று யோசித்ததில் எழுதியது இது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பதுளை ஒரு காலத்தில் எல்லைப் பட்டினம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உண்மை அதுதான். கண்டி இராச்சியத்தின் கிழக்கு வாசல் ஊவா. மலைக்குக் கீழே கரையோரம் போர்த்துக்கேயர் கையில், மேலே அரசன் கையில். 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா படையோடு வந்து பதுளையை எரித்தார். திரும்பிப் போகும் வழியில், வெல்லவாயவுக்குக் கிட்ட இரந்தெனிவெலயில் அவருடைய உள்ளூர்ச் சிப்பாய்கள் கட்சி மாறினார்கள். அங்கேயே கொல்லப்பட்டார். எல்ல–வெல்லவாய வீதியில் இராவணன் நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறவர்கள் அப்படியே கீழே இறங்கினால் வருகிற நிலம் அது.

எல்லையாக இருந்தபடியால் சாமான் இந்த வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். மாட்டு வண்டி ஓடும் பாதை கிடையாது. மாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் பொதி கட்டி, வரிசையாக நடத்திக்கொண்டு போவார்கள். தவளம் என்பது அதுதான். கரையிலிருந்து உப்பு, கருவாடு, புடவை மேலே வரும். மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே போகும். இந்தத் தொழிலில் நம்மவர்கள் முன்னுக்கு நின்றார்கள். கண்டி அரசில் போக்குவரத்துக்கென்றே 'மடிகே' என்றொரு பகுதி இருந்தது, அதில் முஸ்லிம்கள் நிறைய. நாம் நேற்று வந்து கடை போட்டவர்கள் என்று யாராவது சொன்னால், தவளத்தைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

அந்தக் காலத்துப் பாதை எப்படி இருந்தது என்று பார்க்க ஹாலிஎல பக்கம் போகொடை மரப்பாலத்துக்குப் போகலாம். கூரை போட்ட பாலம், மேலே ஓடு, பக்கத்தில் விகாரை. பதுளையிலிருந்து கண்டிக்குப் போன பழைய வழியில் இருக்கிறது. எல்ல பாலத்துக்குப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை. பெரிய குடும்பங்களுக்கு நாம் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். சத்தம் இல்லை, ஆறு இருக்கிறது, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாம்.

இனி, நம்மில் பலர் பேசத் தயங்குகிற ஒரு விஷயம். 1817–18 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி. பாடப்புத்தகத்தில் கெப்பெட்டிபொல திசாவை வருவார். ஆங்கிலேயர் அவரைக் கிளர்ச்சியை அடக்கத்தான் அனுப்பினார்கள், அவர் போய் மக்களோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் கண்டியில் தலை வெட்டப்பட்டது. இவ்வளவும் பிள்ளைகளுக்குத் தெரியும். கிளர்ச்சி எங்கே தொடங்கியது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். தொடக்கத்தில் நிற்பவர் ஒரு முஸ்லிம். ஹாஜி மரிக்கார் என்பவரை ஆங்கிலேயர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு முஹந்திரமாக நியமித்தார்கள். அதுவரை திசாவையின் கையில் இருந்த அதிகாரமும் வருமானமும் அதனால் பறிபோனது. பிரதானிகளுக்கு அது பெரிய அவமானம். அந்த நேரம் துரைசாமி என்ற பெயரில், நாயக்க அரச குடும்பத்தவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் காட்டில் தோன்றினார். உண்மையில் அவர் முன்னாள் பிக்கு. அவரைப் பிடிக்க ஹாஜி அனுப்பப்பட்டார். பிடிபட்டதோ ஹாஜி, கொன்றுவிட்டார்கள். விசாரிக்கப் போன பதுளை உதவி ரெசிடென்ட் வில்சனும் 1817 செப்டெம்பரில் கொல்லப்பட்டார்.

இதை வைத்துக்கொண்டு 'முஸ்லிம்கள் வெள்ளைக்காரனின் ஆட்கள்' என்று சிலர் பேசுகிறார்கள். நம் பக்கத்தில் சிலரோ ஹாஜியின் பெயரே இல்லாதது போல் நடந்துகொள்கிறார்கள். இரண்டுமே பிள்ளைகளுக்கு நல்லதில்லை. அப்போது ஆங்கிலேயர் பக்கம் நின்ற சிங்களப் பிரதானிகளும் உண்டு, பிறகு மாறியவர்களும் உண்டு, கெப்பெட்டிபொலவே அப்படி மாறியவர்தான். சமூகங்களுக்கு இடையில் ஓர் ஆளை நிறுத்திக் காரியம் பார்ப்பது ஆள வந்தவனின் பழக்கம். ஆளுநர் பிரவுன்றிக்கின் படை வீடுகளையும் வயல்களையும் எரித்து, கால்நடைகளை அழித்தபோது அதன் பின்னால் வந்த பசி யாருடைய சமயத்தையும் பார்க்கவில்லை. ஊவா இன்றுவரை வறிய மாகாணங்களில் ஒன்றாக இருப்பதற்கு அந்த ஒரு வருடமும் ஒரு காரணம் என்பது நம் அபிப்பிராயம். பதுளையிலிருந்து மொனராகலைப் பக்கம் போகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

பதுளை டவுனிலேயே சென்ட் மார்க்ஸ் தேவாலயம் இருக்கிறது, மேஜர் றொஜர்ஸ் நினைவாகக் கட்டியது. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிற மனிதர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பாதைகள் போட்டவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் கோப்பி, பிறகு தேயிலை, தேயிலைக்குப் பின்னால் கோச்சி. கோச்சிப் பாதை 1885இல் நானுஓயாவுக்கும், 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கிருந்து பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. சுமார் 20 மைலுக்கு 30 வருடம்! நடுவில் முதலாம் உலகப் போர், மலையும் லேசான மலையில்லை. ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டப்பட்டது. இரும்பெல்லாம் போருக்குப் போய்விட்டதால் கல்லையும் சீமெந்தையும் வைத்து நம் நாட்டு மேசன்மார் கட்டினார்கள் என்று எல்லவில் எல்லோரும் கதை சொல்வார்கள். தெமோதரை வளையம் அதைவிட விசேஷம். பதுளையிலிருந்து போகும்போது முதலில் ஸ்டேசனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைகிறோம், பிறகு மலையைச் சுற்றி ஏறி அதே ஸ்டேசனுக்கு மேலால் வந்து நிற்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வித்தை காட்ட முடியாது. காரில் போனால் இது கிடைக்காது, கோச்சியில்தான் போக வேண்டும்.

அந்த வளையத்துக்கும் ஒரு கதை உண்டு. பாதையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் எஞ்சினியர் தடுமாறியபோது, ஒரு தோட்டத்துக் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்து யோசனை வந்ததாம். உண்மையோ பொய்யோ தெரியாது. ஆனால் இந்தப் பாதையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் தோட்டத்து ஆள் ஒருவர் வருகிற இடம் இது ஒன்றுதான், அங்கேயும் அவருக்குப் பெயர் இல்லை.

தியத்தலாவவை வேகமாகக் கடந்து போய்விடலாம், இப்போது இராணுவத்தின் ஊர். 1900இல் தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போவர் கைதிகளை, ஏறக்குறைய 5,000 பேரை, கப்பலில் கொண்டுவந்து இங்கே அடைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த எங்கெல்பிரெக்ட் என்பவர் ஊர் போகாமல் இங்கேயே தங்கி, யால காட்டுக்கு முதல் பாதுகாவலரானார். அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

அப்புத்தளையில் எல்லோரும் லிப்டன் சீட் போகிறார்கள். தோமஸ் லிப்டன் 1890இல் வந்து தம்பேதன்னை தோட்டத்தை வாங்கினார். தொழிற்சாலையும் அந்தக் காலத்ததுதான். அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குத் தோட்டத்து ஆட்கள் ஏறும் பஸ் இருக்கிறது. த்ரீவீலை விட்டுவிட்டு அதில் போங்கள். தொழிற்சாலைக்கு மேலே நடந்தால் லயங்கள், கோயில், பாடசாலை, கொழுந்து நிறுக்கும் இடம் எல்லாம் வழியிலேயே வரும். உச்சியில் லிப்டன் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் வென்ற ஆசனங்களில் ஒன்று பதுளை. அடுத்த வருடமே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அதற்குப் பிறகு இந்த லயங்களில் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நாடும் இல்லை, வாக்கும் இல்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஆட்களை எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டார்கள். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு உரிமை வர 2003 ஆனது. நம் வாப்பாமார், அப்பாமார் கடை வைத்திருந்த தோட்டப் பட்டினங்களில் கடன் கொப்பியில் பெயர் இருந்த மனிதர்கள் இவர்கள்தான். அந்தக் கொப்பிகளில் ஒன்றாவது யார் வீட்டிலாவது மிஞ்சியிருந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளின் செயற்றிட்டத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.

கடைசியாக தியலும. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது, நாட்டின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. லீவு நாளில் வேன்கள் வரிசையாக நிற்கும். அதற்குப் பக்கத்து ஊர் கொஸ்லந்தை, அங்கிருந்து மேலே மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களோடு ஆட்களையும் மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் இல்லை. ஆபத்தான இடம் என்று அதற்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது, மாற்று வீடுகள்தான் இருக்கவில்லை. இன்று நம்மிடம் படிக்கிற பிள்ளைகளில் பலர் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. தியலுமவைத் தெரிகிறது, மீரியபெத்தை தெரியவில்லை.

இந்த லீவில் தியலும போகிற வேன்காரர்கள், கொஸ்லந்தையில் பத்து நிமிடம் நிறுத்தி அந்த மலைப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மழை பெய்தால் அந்த வீதியில் போகவே வேண்டாம், வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.