காத்திருக்கக் கற்ற கனி

ஊத்தங்கரையில் நாலு நண்பர்கள் சேர்ந்தால் ஒரு காலத்தில் பரோட்டா, சால்னாதான். ஒசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் இப்போது பிட்சாவும் பாஸ்தாவும் கேட்கிறார்கள். நெடுஞ்சாலையோரம் புதிதாக ஓர் இத்தாலிய உணவகம் திறந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு கூட்டமாகப் போய்விடுகிறார்கள். தட்டு வந்ததும் எல்லோர் கண்ணும் உருகி வழியும் சீஸ் மேல்தான் இருக்கிறது. அதற்கு அடியில் கிடக்கும் சிவப்புச் சாஸ்தான் அங்கே வந்து சேர நெடுந்தூரம் நடந்திருக்கிறது.

தக்காளியின் காட்டு மூதாதைகள் பெரு, ஈக்வடார் பக்கத்து ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் சின்னஞ்சிறு பழங்களாகக் காய்த்தவை. மெக்சிகோ மக்கள் அதைத் தோட்டப்பயிராக்கி, பெரிதாக வளர்த்து, மிளகாயோடு சேர்த்துச் சமைத்தார்கள். 1521இல் ஆஸ்டெக் தலைநகரம் ஸ்பானியர் கையில் விழுந்தது; அதன்பின் தக்காளி கப்பலேறியது. 1544இல் மத்தியோலி என்ற இத்தாலிய மூலிகை அறிஞர் அதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனாலும் ஐரோப்பியர் பலர் அதை விஷச்செடிகளின் உறவாக எண்ணி, நெடுங்காலம் வாயில் வைக்கத் தயங்கினார்கள். நேப்பிள்ஸ் அப்போது ஸ்பானிய ஆட்சியில் இருந்தது. அங்கே பெரிய வீட்டு விருந்துகளை நடத்திய அந்தோனியோ லத்தீனி 1690களில் வெளியிட்ட சமையல் நூலில், 'ஸ்பானிய முறை' என்று தக்காளிச் சாஸுக்கு ஒரு குறிப்பு இருக்கிறது.

தக்காளிக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர். பழுத்தபின் சில நாள்கூடத் தாங்காது. தென் இத்தாலியக் குடியானவர்கள் இதற்கு வழி கண்டார்கள். நாம் கூழ் வடகம் போடுகிற மாதிரி, காய்ச்சிய சாற்றைப் பலகைகளில் பரப்பி, வெயிலில் கெட்டியாக்கி, குளிர்காலத்துக்கு எடுத்துவைத்தார்கள். 1810இல் பிரான்சின் நிக்கோலா அப்பேர், காற்றுப் புகாமல் அடைத்துக் கொதிக்கவைத்து உணவைக் காக்கும் முறையை நூலாக வெளியிட்டார். 1856இல் டூரின் நகரில் பிரான்செஸ்கோ சிரியோ பட்டாணியை அடைத்து விற்கத் தொடங்கினார். அவர் தொழில் பின்னர் தெற்கத்தித் தக்காளிக்கும் வந்தது. பிழைப்புத் தேடி நியூயார்க்குக்கும் புவெனஸ் அயர்ஸுக்கும் போன லட்சக்கணக்கான இத்தாலியர்களுக்குப் பின்னாலேயே தக்காளி டின்களும் கடல் கடந்தன. இத்தாலியச் சமையல் உலகம் சுற்றியதற்கு, காத்திருக்கக் கற்றுக்கொண்ட இந்தக் கனி ஒரு பெரிய காரணம்.

இந்தியாவுக்குத் தக்காளி ஐரோப்பியர் கப்பலில் வந்தது. புளி ஆண்டுகொண்டிருந்த நம் அடுப்படியில் மெல்ல இடம்பிடித்து, இன்று ரசத்தையும் தொக்கையும் தன்வசப்படுத்திவிட்டது. பிட்சா பரவியது வெகு பிந்தி: டோமினோஸும் பிட்சா ஹட்டும் இந்தியாவில் கடை திறந்தது 1996இல்தான். அந்தச் சாஸுக்கு வேண்டிய தக்காளியோ நம் பக்கத்திலேயே விளைகிறது; ஊத்தங்கரை இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் இன்று தக்காளிச் சீமையாகிவிட்டது. குச்சி நட்டு, கயிறு கட்டி, சொட்டுநீர் விட்டு வளர்க்கிறார்கள். ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து பழம் லாரியேறி வெளியூர் போகிறது. பெங்களூரு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் 'அர்கா ரக்ஷக்' ரகத்தைத் தந்தது. 2014இல் தென் அமெரிக்க ஊசிப்புழுவும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. தக்காளி பிறந்த மண்ணிலிருந்தே அதன் பகையும் தேடி வந்துவிட்டது.

இத்தனை கடலைத் தாண்டிய பயணம் நம் வயலோரத்தில் வந்து இடறுகிறது. 2023 ஜூலையில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியிருந்தது. வரத்து பெருகும் பருவத்திலோ பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். சாலையோரம் கொட்டுகிறவர்களும் உண்டு. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றின் விலையாட்டத்தை அடக்கவென்று 2018 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆனாலும் பழத்தைப் பறித்துக் கையில் வைத்திருக்கும் விவசாயிக்கு இன்றும் இரண்டு நாள் அவகாசம் கிடையாது.

அந்த அவகாசத்தை உண்டாக்கத் தெரிந்தவர்கள் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாம்பழத்தைப் பிழிந்து, சுண்டக் காய்ச்சி, கிருமி நீக்கிய பைகளில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. மாம்பழப் பருவமோ சில மாதம்தான். மற்ற மாதங்களில், சில மாற்றங்களோடு, அதே இயந்திரங்களில் தக்காளியைக் காய்ச்ச முடியும். ஐந்தாறு கிலோ பழம் சுண்டினால் ஒரு கிலோ கெட்டி விழுது கிடைக்கும். அப்படி அடைத்த விழுது மாதக்கணக்கில் கெடாது. வேண்டியவை இரண்டு: சதைப்பற்று மிகுந்த, விழுதுக்கென்றே பயிரிடும் ரகம், நடவுக்கு முன்பே விவசாயியோடு பேசி முடித்த விலை. சந்தையில் விலை ஏறும்போது விவசாயி அங்கே ஓடிவிடக் கூடாது, இறங்கும்போது ஆலை கைவிரிக்கக் கூடாது. இந்த நம்பிக்கையைக் கட்டுவது இயந்திரம் வாங்குவதைவிடக் கடினம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இறங்க வேண்டிய வேலை அது.

எனவே நண்பர்களோடு பிட்சா சாப்பிடப் போகிறவர்கள் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்தச் சாஸ் எந்த ஊர்த் தக்காளி? பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார்; பத்துக் கடை கேட்டால் ஆலை யோசிக்கும். நேப்பிள்ஸ் குடியானவனுக்குக் கிடைத்த அவகாசம் ஊத்தங்கரை விவசாயிக்கும் கிடைத்தாக வேண்டும்.